சும்மா ஒரு தட்டு இட்லி

நகரி ரயில் நிலையத்துக்கு எதிரே என் இட்லி வண்டி. காலை ரயிலைப் பிடித்துத் திருப்பதிக்கு வேலைக்குப் போகிறவர்கள்தான் என் கிராக்கிகள். போன வருடம் ஒரு காலையில் மைக்கும் செல்போனுமாக ஒரு யூட்யூப்காரன் வந்து நின்றான்.

"அக்கா, ஒரு தட்டு இட்லி சும்மா குடுப்பியா?"

என் வாய் அடங்குமா? "ஒழைக்காத ஆளுக்கு ஒத்த ரூபா குடுக்கக் கூடாது நைனா! மாவாட்டு, அப்பறம் துன்னு" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டே காசு கொடுத்துத் தின்றுவிட்டுப் போனான்.

ஏழைக் குடும்பங்களுக்கு மாதாமாதம் நிச்சயமாக ஒரு தொகை தரச் சட்டம் கொண்டுவரலாம் என்று அப்போது பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. வெறும் பேச்சுதான். மறுநாள் எல்லார் போனிலும் என் முகம். ஆனால் அதில் அவன் கேட்பதே வேறு: "அந்தச் சட்டம் வேணுமா அக்கா?" உடனே நான்: "ஒழைக்காத ஆளுக்கு ஒத்த ரூபா குடுக்கக் கூடாது!" கீழே எழுத்து வேறு. அந்தப் பணத்தை வாங்கினால் ரேஷன் அரிசி நின்றுவிடுமாம். அந்தப் பொய்க்கு என் மூஞ்சி சாட்சி!

என் தங்கை, புருஷன் செத்த பிறகு, விசைத்தறிக் கொட்டகையில் நூல் சுற்றுகிறாள். அந்தச் சட்டம் வந்தால் மகளின் படிப்பை நிறுத்த வேண்டியிருக்காது என்று நம்பிக்கொண்டிருந்தவள். நேராக வண்டிக்கு வந்தாள்.

"வயிறு ரொம்பினவ நீ, பேசுவக்கா. நான் ஒழைக்காத ஆளா?"

"அய்யோ, அவன் கேட்டது இட்லிடி!"

"உன் வாயாலதான சொன்ன? என் காதால கேட்டேன்."

போய்விட்டாள். அதற்குப் பிறகு என் போனையும் எடுக்கவில்லை. அன்று முழுக்க அழுதேன். அழுது முடித்ததும் கோபம்தான் மிஞ்சியது.

அடுத்த வாரம் அவனே பல்லைக் காட்டிக்கொண்டு வந்தான். "அக்கா, செம ஓட்டம்! இன்னொண்ணு எடுக்கலாமா?"

என் போனை ஒரு கிராக்கி கையில் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னேன். "வா நைனா. அன்னிக்கி இன்னா கேட்ட? அதையே கேளு."

"வுடுக்கா, அத அழிச்சிடறேன்."

"அழிக்கறது அப்பறம். மொதல்ல கேளு."

கூட்டம் அவனை நகரவிடவில்லை. இட்லிக் கேள்வியைக் கேட்டான். அதே பதிலைச் சொன்னேன். "இது இட்லிக்கு. சட்டத்தப் பத்திக் கேக்கறியா? வேணும்! நாளெல்லாம் நின்னுக்கினு நூல் சுத்தறவ ஒழைக்கலன்னு எவனாவது என் அடுப்பு முன்னாடி வந்து சொல்லட்டும். அரிசி நின்னுடும்னு எதுல போட்டிருக்குது? காட்டு."

அவன் மைக்கைப் பையில் திணித்துக்கொண்டு நழுவப் பார்த்தான்.

அந்தப் படத்தை நானே எல்லாருக்கும் அனுப்பினேன். அவன் பொய் சித்தூர் வரைக்கும் போனது. என்னுடையது எங்கள் தெருவைத் தாண்டியதோ என்னவோ. "வேணாம்னு சொன்ன அக்கா நீதான?" என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். தட்டை நீட்டும்போதே ஒவ்வொருத்தருக்கும் உள்ளதைச் சொல்லித்தான் அனுப்புகிறேன்.

ஆனால் எங்கள் தெருவில்தான் என் தங்கையும் இருக்கிறாள். ஒரு காலையில் வந்து வரிசையில் நின்றாள். என் முகத்தைப் பார்க்காமல் காசை நீட்டி, "ஒரு தட்டு" என்றாள்.

அந்தக் கையைத் தள்ளிவிட்டு, சூடாக நாலு இட்லி வைத்துச் சட்னி ஊற்றினேன்.

"காசு வேணாம், துன்னு" என்றேன். பிறகு ஸ்டேஷனுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன்: "சும்மாதான் குடுக்கறேன்! எவனுக்கு வேணுமோ வந்து படம் புடிச்சிக்கோ!"