ஒன்று முதல் ஐந்து வரை

வாஷிங் மெஷின் மெக்கானிக்குக் கோபம் எப்போதும் மூக்கின் மேல் இருக்கும். கம்பெனியில் அவருக்குச் ‘சிடுமூஞ்சி’ என்று பெயர் வைத்திருந்தார்கள், அவர் காதுபடவே கூப்பிட்டார்கள். துவைத்து முடித்ததும் பாட்டுப் பாடுகிற மெஷினைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“நாலு சட்டையத் துவைச்சதுக்கு ஒரு பாட்டா? எம்பொண்டாட்டி இருபது வருஷமா கையால துவைச்சா, ஒருநாள் பாடினாளா?” என்று வீட்டுக்கு வந்தும் புலம்புவார்.

“பாடுற நெலமையிலயா வச்சிருந்தீங்க?” என்று உள்ளேயிருந்து மனைவியின் குரல் வரும்.

திருகாணி இல்லாமல் பசை போட்டு ஒட்டிய மூடி, ஈரக்கையால் தொட்டால் அசைந்துகொடுக்காத பொத்தான் என்று எதையும் அவர் விட்டுவைப்பதில்லை. ஒரு வீட்டில் புது ஃபிரிட்ஜ், கதவு திறந்திருப்பதாக வீட்டுக்காரரின் போனுக்குச் செய்தி அனுப்பியது. “தெரியுதுல்ல? மூடித் தொலைய வேண்டியதுதானே!” என்று அதனிடமே சண்டைக்குப் போனார்.

வாய்தான் அப்படி, கை சுத்தம். நல்ல பாகத்தைக் கெட்டுப்போனது என்று சொல்லி மாற்றியதில்லை. இருபத்திரண்டு வருடங்களாக அப்படித்தான் பிழைத்தார்.

அதற்கும் ஒரு வேட்டு வந்தது. வேலை முடிந்ததும் வாடிக்கையாளரின் போனுக்கு, ‘எங்கள் ஊழியரின் சேவையை 1 முதல் 5 வரை மதிப்பிடவும்’ என்று ஒரு செய்தி போகும். சராசரி நாலுக்குக் கீழே இறங்கினால் வேலை தானாக நின்றுவிடும். சிடுமூஞ்சிக்கு யார் ஐந்து ஐந்தாக அள்ளிக் கொடுப்பார்கள்? மனிதர் நாலைப் பிடித்துக்கொண்டு நூலிழையில் தொங்கிக்கொண்டிருந்தார்.

அன்று காலை போனைத் திறந்தால் ஒரு வேலையும் இல்லை. ‘கணக்கு முடக்கப்பட்டது’ என்று சிவப்பில் ஒரு வரி. அதற்குக் கீழே கடைசியாக வந்த மதிப்பெண்: ஒன்று. போட்டது ஓய்வுபெற்ற டீச்சர். முந்தாநாள் அவர் வீட்டு மெஷினில் தண்ணீர் வடியவில்லை. வேறு யாராவது போயிருந்தால் ‘போர்டு போச்சு, புதுசு வாங்குங்க’ என்று சொல்லியிருப்பான். இவர் தரையில் படுத்து, வடிகட்டியைக் கழற்றி, சிக்கியிருந்த கொண்டை ஊசியை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தார். அதற்கா ஒன்று?

சூப்பர்வைசருக்குப் போன் போட்டார்.

“அண்ணே, நான் என்ன பண்ண? சிஸ்டம் தானா நிறுத்திடுச்சு. அந்தம்மா மார்க்க மாத்திச் சொன்னா உண்டு. சாயங்காலத்துக்குள்ள மாத்தலன்னா உங்க பேரையே எடுத்துரும்.”

டீச்சர் வீடு மூன்றாவது மாடி. ஒவ்வொரு படிக்கும் ஒரு திட்டு சேர்த்துக்கொண்டு ஏறினார். கதவைத் திறந்த டீச்சருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

“வாங்க தம்பி! மெஷின் புதுசு மாதிரி ஓடுது.”

“நான் உங்களுக்கு என்னம்மா கெடுதல் பண்ணேன்? எதுக்கு என் வயித்துல அடிச்சீங்க?”

“நானா?”

“ஒண்ணு போட்டிருக்கீங்களே!”

“ஆமா, போட்டேன். உங்களுக்குப் போடாம வேற யாருக்குப் போடுறது?” டீச்சருக்குக் கொஞ்சம் பெருமைகூட. “முப்பத்துநாலு வருஷம் ரேங்க் கார்டு எழுதின கை தம்பி இது. நல்ல பிள்ளைக்கு ஒண்ணாவது ரேங்க். அஞ்சுன்னு போட்டா அழுதுகிட்டே வீட்டுக்குப் போகும்.”

மெக்கானிக் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏறும்போது சேர்த்துவைத்த திட்டையெல்லாம் யார் தலையில் கொட்டுவது? ஒன்று உசத்தியா ஐந்து உசத்தியா என்று ஒரு வார்த்தை எழுதத் துப்பில்லாத கம்பெனி, இருபத்திரண்டு வருட உழைப்புக்கு மார்க் போடுகிறது. நிதானமாக விஷயத்தைச் சொல்ல முயன்றார், கத்தத்தான் வந்தது. டீச்சரின் சிரிப்பு காணாமல் போனது.

இருவரும் உட்கார்ந்து வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டார்கள். இதை அழுத்து, அதை அழுத்து என்று அரைமணி நேரம் அலைக்கழித்த பிறகு ஒரு பெண் பேசினாள்.

“ஸாரி மேடம், ஒருதடவை பதிவானதை மாத்த முடியாது.”

“தப்பா போட்டுட்டேன்னு நானே சொல்றேன்லம்மா!”

“புரியுது மேடம். எங்களுக்கு மாத்துற வசதி இல்ல மேடம்.”

மெக்கானிக் போனைப் பிடுங்கி வாய்க்கு வந்தபடி கத்தினார். அவள் ‘புரியுது சார், புரியுது சார்’ என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைசியில் அவள் குரல் உடைந்தது, இணைப்பும் அறுந்தது. ஒரு நொடி கழித்து டீச்சரின் போனில் செய்தி வந்தது. ‘உங்களுடன் பேசிய எங்கள் ஊழியரை 1 முதல் 5 வரை மதிப்பிடவும்.’

“இவளுக்கு இப்ப நிஜமாவே ஒண்ணுதான்” என்று டீச்சர் விரலைக் கொண்டுபோனார்.

“வேணாம்! குடுங்க இங்க.” மெக்கானிக் போனை வாங்கி ஐந்தை அழுத்தினார். அழுத்தும்போதும் அவருக்குக் கோபம் தணியவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டுதான் அழுத்தினார்.

போனைத் திரும்ப வாங்கிய டீச்சர் பழைய செய்திகளை மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தார். தண்ணீர் கேன் போடுகிறவர், ஒன்று. கேஸ் அடுப்பு பார்க்க வந்தவர், ஒன்று. மருந்துக்கடையிலிருந்து வருகிற பெண்ணுக்கு மட்டும் வாராவாரம், ஒன்று, ஒன்று, ஒன்று. டீச்சரின் விரல் அங்கேயே நின்றுவிட்டது.

“மூணு மாடி ஏறி வந்து, மாத்திரையப் பிரிச்சு டப்பாவுல போட்டுக் குடுத்துட்டுப் போவா தம்பி. ஒரு மாசமா வேற ஆள்தான் வர்றாங்க. அவளுக்கு நல்ல வேலை கிடைச்சிருக்கும்னு சந்தோஷப்பட்டேன்.”

மெக்கானிக் எழுந்து பையைத் தோளில் மாட்டினார்.

“கிளம்புங்க டீச்சர், அந்தக் கடைக்குப் போய்க் கேப்போம். அந்தப் பொண்ணு பேரு என்ன?”

டீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்தச் செய்திகளை முதலிலிருந்து தேடினார்.

“பேரு போடல தம்பி. எல்லாத்துலயும் ‘எங்கள் ஊழியர்’னுதான் இருக்கு.”