நகலில் ஓடிய கட்டளை

எண்பதுகளின் நடுவில் வளைகுடாவில், ராஸ் அல் கைமாவில் ஒரு டைல்ஸ் ஃபேக்டரி ஆபீசில் வேலை பார்த்தேன். அங்கே கம்ப்யூட்டர் தெரிந்தவன் நான் ஒருவன்தான். மண் கலவை அளவுகளை இன்ஜினியர்கள் தாங்களே மாற்றிப் பார்க்க ஒரு புரோகிராம் எழுதியிருந்தேன். அவர்கள் அடிக்கிற வரியை அப்படியே கட்டளையாக எடுத்து ஓட்டிவிடும். வருகிறவர்களுக்கெல்லாம் எங்கள் வடநாட்டு மேனேஜர் அதைக் காட்டுவார். எனக்குப் பெருமையில் தலைகால் புரியாது.

பிறகு யாழ்ப்பாணத்துக்காரன் ஒருவன் எனக்குத் துணையாக வந்து சேர்ந்தான். என்னைவிட நாலைந்து வயது இளையவன். மூன்றாம் நாளே என் திரையைப் பார்த்துக் கேட்டான்.

"அண்ணை, இதில ஆர் என்ன அடிச்சாலும் ஓடுமோ? ஃபைலை அழிக்கச் சொன்னாலும்?"

"இன்ஜினியர் எதுக்குப்பா ஃபைலை அழிக்கப் போறாரு?"

"வேணுமெண்டு அழிக்க மாட்டினம். தெரியாமல் அடிச்சால்?"

நான் டீ குடிக்கப் போய்விட்டேன்.

அடுத்த வாரமே அது நடந்தது. ஓர் இன்ஜினியர் ஏதோ புத்தகத்தில் பார்த்த கட்டளையை அடித்துப் பார்க்க, நான்கு மாதக் கலவைக் குறிப்புகள் போய்விட்டன. மேனேஜர் என்னைத் திட்டவில்லை. யாழ்ப்பாணத்துக்காரனைக் கூப்பிட்டு, "பாய், இனி இதை நீ பார்" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

அவன் திருத்திய புரோகிராம், அடித்த வரியை முதலில் படித்துப் பார்க்கும். டெலீட் மாதிரி ஒரு சொல் இருந்தால் ஓட்ட மறுத்துவிடும். மேனேஜர் அவன் தோளைத் தட்டினார். எனக்கு வயிறு எரிந்தது. மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு அதில் ஓட்டை தேடினேன். நாலாம் நாள் கிடைத்தது: டெலீட் என்பதை இரண்டு துண்டாக அடித்து, ஓடும்போது ஒட்டிக்கொள்ளும்படி செய்தால் அதற்குத் தெரியவில்லை. அவனிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். மேனேஜரைக் கூட்டிவந்து அவர் கண்முன்னே அடித்தேன். ஃபைல் போனது.

"பாத்தீங்களா சார்?" என்றேன். குரலில் இருந்த சந்தோஷம் எனக்கே கேட்டது.

அவன் பதறவில்லை. "நல்லாப் பிடிச்சிட்டியள் அண்ணை. நான் இதை யோசிக்கேல்லை" என்றபடி மேஜையிலிருந்து ஒரு ஃபிளாப்பியை எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டான். நான் இப்போது அழித்த குறிப்புகள் எல்லாம் அதில் பத்திரமாக இருந்தன. இன்ஜினியர்கள் அடிப்பது நகலில்தான் ஓடுமாம், அசலைத் தொடாதாம். "எல்லா ஓட்டையையும் என்னால அடைக்கேலாது எண்டு தெரியும். அதுதான்."

"அச்சா!" என்றார் மேனேஜர், அவனைப் பார்த்து.

இரண்டு நாளில் அவன் முறையையே மாற்றினான். எண்கள், கூட்டல் கழித்தல் பெருக்கல் வகுத்தல் குறிகள், இவை தவிர வேறு எதையும் ஏற்காது. "இதையும் உடைச்சுத் தாங்கோ அண்ணை" என்று என்னிடமே கொடுத்தான். உண்மையாகவே கேட்டான். ஒரு வாரம் முயன்றேன், முடியவில்லை.

"ஓட்டை இருக்கு தம்பி. நீயே கண்டுபிடி" என்று சொல்லிவிட்டேன்.

அதை நம்பி அவன் அந்த மாதம் முழுக்கத் தேடிக்கொண்டிருந்தான்.