ரொட்டிப் பெட்டிக்குள் சாணி

ராக்ன்ஹில்டுக்குச் சாணி என்றாலே குமட்டும். நார்வேயில் விறகு எரித்து வளர்ந்தவள். அமெரிக்காவின் டகோட்டா புல்வெளியிலோ கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு மரம் கிடையாது. குடியேறியவர்கள் எல்லோரும் காய்ந்த மாட்டுச் சாணியைப் பொறுக்கித்தான் எரித்தார்கள். அவள் கையுறை போட்டுக்கொண்டு இரண்டு விரலால் எடுப்பாள். கோடை முழுக்கக் கணவன் தொர்கேர் சேர்த்த குவியலை மண்கட்டி வீட்டுக்குள் அடுக்க விடவே இல்லை.

"மாட்டுக் கழிசலுக்குப் பக்கத்துல படுத்துத் தூங்கவா கப்பலேறி வந்தேன்? வெளியில போடுங்க."

"மழை பெஞ்சா நனையும்டி."

"நனையட்டும். நாத்தமாவது வெளியில கெடக்கும்."

அக்டோபரில் மழை; அதன் மேல் பனி. ஜனவரியில் நான்கு நாள் ஓயாத பனிப்புயலில், எரிக்க முறுக்கி வைத்திருந்த காய்ந்த புல்லும் தீரப்போனது. தொர்கேர் வழி தப்பாமலிருக்க இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு வெளியே போய், கோடரியால் வெட்டிக் கொண்டுவந்த சாணி கல்லாக உறைந்திருந்தது. அடுப்பில் போட்டதும் உருகிக் கூழாகி, இருந்த தணலையும் அணைக்கப் பார்த்தது. ஒன்பது மாதக் குழந்தை ஊனி அழுவதை நிறுத்தியிருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது.

"காய வெச்சாத்தான் எரியும்," என்றான் தொர்கேர்.

சூடு மிச்சமிருந்த இடம் ஒன்றுதான்: இரும்பு அடுப்பின் ரொட்டிப் பெட்டி. அதற்குள் கடைசி மாவில் பிசைந்த ரொட்டி பாதி வெந்திருந்தது. அவன் பெட்டியைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். சாணியை அதில் வைக்கச் சொல்லியிருந்தால் அறைந்திருப்பாள்.

கையுறை விறைத்துப்போயிருந்தது. கழற்றி எறிந்துவிட்டு, வெறுங்கையால் உருகத் தொடங்கிய சாணியைப் பிட்டு ரொட்டியைச் சுற்றி அடைத்தாள். மீதமிருந்த மூன்று புல்முறுக்கையும் அடுப்பில் திணித்தாள். பெட்டியிலிருந்து கிளம்பிய நாற்றத்தைச் சொல்ல எனக்கே வாய் கூசுகிறது. அவள் இரண்டு முறை மூலையில் வாந்தி எடுத்தாள். சாணியின் மேல் இருந்த அருவருப்பைவிட, அதை வெளியே போட வைத்த தன் மூக்கின் மேல் இருந்த அருவருப்பு அதிகம்.

மூன்றாவது முறுக்கு சாம்பலாகும் முன், பெட்டியில் காய்ந்து அடுப்புக்குள் போன முதல் சாணி பற்றிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் ஊனி வீறிட்டாள்.

ரொட்டி தொழுவமாக நாறியது.

"நல்லாத்தான் இருக்கு," என்றான் தொர்கேர், மெல்லாமல் விழுங்கி.

"பொய் சொல்லாதீங்க. சாணியா இருக்கு."

"நீ எப்பத் தின்னு பாத்த?"

அவள் சிரிக்கவில்லை. தன் கையைப் பார்த்தாள். நகக்கண் எல்லாம் பச்சை. கழுவ வேண்டுமென்றால் பனியை உருக்க வேண்டும், அதற்கு இரண்டு சாணி செலவாகும். பாவாடையில் துடைத்துக்கொண்டு, அந்த விரலாலேயே ரொட்டியை மசித்துக் குழந்தைக்கு ஊட்டினாள். ஊனி விரலையும் சேர்த்துச் சப்பினாள்.