டார்குவிலின் குல்லாய்

ஏப்ரல் பிறந்துவிட்டால் ஹ்யூகினா மெக்கே வீட்டில் தங்கமாட்டாள். முப்பது வருஷம் தபால் பை சுமந்து ஓய்வு பெற்றவள். ஏரிக்கு மேலே மேட்டில், மறைந்திருந்து பறவை பார்க்கப் பறவைச் சங்கம் போட்ட பலகைக் குடிலே கதி என்று கிடப்பாள். எதிரே பட்டுப்போன பைன் மரத்தின் உச்சியில் மீன் பிடித்துத் தின்னும் விராலடிப்பான் பருந்து ஜோடி ஒன்றின் கூடு. ஆண் பறவை எத்தனை மணிக்கு என்ன மீன் கொண்டுவந்தது என்று ஒன்றுவிடாமல் நோட்டில் எழுதுவாள். தலையைத் தின்றுவிட்டு மிச்சத்தைப் பெண்டாட்டிக்குக் கொடுத்தால் "தலை இல்லை" என்று எழுதி அடிக்கோடு போடுவாள். அது தன்னைக் குத்திக்காட்டப் போட்ட கோடுதான் என்று அவள் கணவன் டார்குவில் குறைப்பட்டுக்கொள்வான்.

இரண்டு வருஷமாக முட்டைகள் கூமுட்டையாகிப் போயின. இந்த வருஷமும் குஞ்சு பறக்கவில்லை என்றால் குடிலைப் பிரித்து வேறு ஏரிக்குக் கொண்டுபோய்விடுவோம் என்று பறவைச் சங்கத்தார் சொல்லிவிட்டார்கள். ஹ்யூகினாவுக்கு அன்றிலிருந்து சோறு தண்ணீர் இறங்கவில்லை.

ஏப்ரல் கடைசியில் மூன்று முட்டை. அந்த வாரமே ஆண் பறவை மெத்தை போட ஒரு பழுப்புக் கம்பளிக் குல்லாயைக் கவ்விக்கொண்டு வந்தது. டார்குவில் படகில் காயப்போட்டது. அதைக் காணோம் என்று அவன் அவளைத்தான் கரித்துக்கொட்டிக்கொண்டிருந்தான். சிரித்த சிரிப்பில் தேநீர் அவளுக்கு மூக்கில் ஏறிவிட்டது.

முட்டையிட்ட முப்பத்தெட்டாம் நாள். பெண் பறவை சற்று எழுந்தது. அதன் காலடியில் பழுப்பாக, புசுபுசுவென்று ஒரு உருண்டை. ஹ்யூகினாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. மேட்டிலிருந்து ஓடிவந்து கடைக்கார எஃபியிடம் சொன்னாள். மதியத்துக்குள் பாதி ஊர் கேக்கோடு மேலே ஏறிவிட்டது. எஃபி தொலைநோக்கியில் கண்ணை வைத்தவள் எடுக்கவே இல்லை.

"அக்கா, உங்க குஞ்சுக்குத் தையல் பிரிஞ்சிருக்கு."

கேக்கை மட்டும் மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டு ஊர் இறங்கிப் போனது. ஹ்யூகினா இரண்டு நாள் கடைப் பக்கம் தலைகாட்டவில்லை.

மூன்றாம் நாள் ஆண் பறவை ஒரு ட்ரவுட் மீனைக் கொண்டுவந்தது. பெண் அதைத் தானே விழுங்கவில்லை. துளித்துளியாகப் பிய்த்துக் குனிந்து குனிந்து கீழே நீட்டியது. குல்லாய்க்கு யாரும் மீன் ஊட்டமாட்டார்கள். இந்த முறை ஹ்யூகினா ஊருக்குச் சொல்லவில்லை, கணவனுக்குப் போன் போட்டாள்.

"மேல வா."

"என் முட்டி என்ன சொல்லும்?"

"முட்டியையும் கூட்டிட்டு வா. நான் சொன்னா இனி நானே நம்ப மாட்டேன்."

அவள் குடிலுக்கு வரத் தொடங்கிய பதினோரு வருஷத்தில் முதல்முறையாக டார்குவில் மேடேறி வந்து, மூச்சிரைக்கத் தொலைநோக்கியில் குனிந்தான்.

"ரெண்டு," என்றான். "என் குல்லாய் மேலேயே உக்காந்திருக்குங்க, கழுதைங்க."

ஹ்யூகினா அவனைக் கட்டிக்கொண்டு குடில் அதிர ஆடினாள். அதன்பிறகு முட்டியைப் பற்றிய பேச்சே இல்லை. அவனும் தினமும் வந்தான்.

ஜூலைக் கடைசியில் இரண்டும் பறந்துவிட்டன. குடில் இங்கேயே இருக்கட்டும் என்று சங்கத்தார் கடிதம் போட்டார்கள். அன்று டார்குவில் ஏரியில் தூண்டில் போட்டு, பிடித்ததை வறுத்து மேட்டுக்குக் கொண்டுவந்தான். ஹ்யூகினா கையைக்கூடத் துடைக்காமல் நோட்டை எடுத்து எழுதினாள்:

"பகல் 1.15. டார்குவில். ட்ரவுட் ஒன்று. தலையோடு."

அதற்கும் அடிக்கோடு போட்டாள்.