விருந்தாளி வரிசையிலிருந்து எங்களை எழுப்பியவர்

சறோ அக்கா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் வேலைத்தலத்தில், காலை இடைவேளையில், கோப்பி மெசினுக்கு முன்னால் வரிசையில் நின்றேன். வேலை நேரத்தில் தொலைபேசி எடுக்காத என் மனைவி வதனி எடுத்தாள். "சறோ அக்கா..." என்று தொடங்கி நிறுத்தினாள். பிறகு, "விடியப்புறம், ஆஸ்பத்திரியிலை. அண்ணை இப்பதான் சொன்னவர்" என்றாள். அண்ணை என்றது அக்காவின் கணவரை. எனக்குப் பின்னால் நின்ற இத்தாலியர், உன் முறை என்று தோளில் தட்டினார். நான் கோப்பி எடுக்காமல் வெளியே போய் நின்றேன். அழுகை வரவில்லை. வந்தது கோபம்தான். ஊரின் வரவு செலவுக் கூட்டத்துக்குச் சில வாரங்களே இருக்கும்போது இந்த மனுசி எப்படிப் போகலாம்?

அவரை அறிந்த உங்களுக்கு இந்தக் கோபம் விளங்கும். அறியாமல் இதை வாசிப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். சுவிஸின் எம்மன்புரூக்கேயிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில் இருக்கும் எங்கள் சிற்றூரின் பாடசாலை ஆணைக்குழுவில் இருந்த முதல் தமிழர் அவர். பாடசாலைகளுக்கு அடுத்த வருடம் எதற்கு எவ்வளவு என்று திட்டம் போடுவது இந்த ஆணைக்குழுதான். அந்தத் திட்டத்தை ஊர்மக்கள் மண்டபத்தில் கூடி, கை தூக்கி ஏற்பார்கள் அல்லது மாற்றுவார்கள். வாக்குரிமை உள்ள எவரும் எழுந்து நின்று, "திட்டத்தில் உள்ள இந்த வரியை மாற்று" என்று கேட்கலாம். இந்த நாட்டில் எனக்கு மிகவும் பிடித்த விசயம் இது. மலைகள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஆணைக்குழுவில் ஒரு இடம் காலியானபோது அவர் விண்ணப்பித்தார். வேறு ஒருவரும் போட்டியிடவில்லை. அப்படியானால் வாக்களிப்பே இல்லாமல் தெரிவாகிவிடலாம். இங்கே அதற்கு அமைதித் தேர்தல் என்று பெயர். "எங்கடை ஆக்களிலை ஒரு தேர்தல் சத்தமில்லாமல் முடிஞ்சதெண்டால் அது என்ரைதான்" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அமைதித் தேர்தலில் வந்தவர் அதற்குப் பிறகு ஒருநாளும் அமைதியாக இருக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

முதல் வருடமே நடந்த ஒன்றை அவரே எனக்குச் சொன்னார். தளபாடச் செலவுக்குக் கீழே 'ஏனையவை' என்று ஒரு வரி இருந்ததாம். நூலகப் புத்தகங்களுக்கு ஒதுக்கியதைவிட அது பெரியது. கணக்காய்வு அலுவலகத்தில் வேலை செய்யும் அக்கா அதைப் பார்த்துவிட்டு நித்திரை கொள்வாரா? அது என்ன என்று கேட்டார். ஆணைக்குழுத் தலைவர் மாட்டுப் பண்ணை வைத்திருக்கும் விவசாயி, நேர்மையான மனிதர். அவருக்கும் தெரியவில்லை. அடுத்த கூட்டத்தில் பதில் வந்தது. எப்போதோ வாங்கி முடித்த மேசைகளுக்கான தொகை, பழக்கதோசத்தில் ஒவ்வொரு வருடமும் அப்படியே திரும்பி எழுதப்பட்டு வந்திருக்கிறது. "ஒருத்தரும் களவெடுக்கேல்லை, தம்பி. ஒருத்தரும் பாக்கேல்லை. ரெண்டுக்கும் செலவு ஒண்டுதான்" என்றார் அக்கா. அந்த வருடம் நூலகத்துக்குப் புதுப் புத்தகங்கள் வந்தன. அதற்குப் பிறகு தலைவர் ஒவ்வொரு வரியையும் வாசித்துவிட்டு அக்காவின் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வாராம்.

ஆனால் அவரை நாங்கள் நினைக்கப்போவது மேசைகளுக்காக இல்லை, மத்தியானச் சாப்பாட்டுக்காக. இங்கே பாடசாலை மத்தியானம் மூடிவிடும். பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வரவேண்டும். அம்மா வீட்டில் அடுப்போடு நிற்பாள் என்ற நினைப்பில் எந்தக் காலத்திலோ போட்ட ஏற்பாடு அது. எங்கள் ஊரில் அம்மாவும் தொழிற்சாலையில், அப்பாவும் தொழிற்சாலையில். அதனால் பாடசாலையின் கீழ்மண்டபத்தில் மத்தியான மேசை என்று ஒன்று நடந்தது. பிள்ளைகள் சூடாகச் சாப்பிட்டு, பார்த்துக்கொள்ள ஒருவர் இருக்க, பின்னேர வகுப்புக்கு ஏறிப் போவார்கள். எங்கள் மகள் ஆரணியும் அங்கேதான் சாப்பிட்டாள். வதனி ஊரின் முதியோர் இல்லச் சமையலறையில் வேலை. மத்தியானம் அவள் அசைய முடியாது.

உடற்பயிற்சி மண்டபத்துக்குக் கூரை மாற்ற வேண்டி வந்தபோது ஆணைக்குழு மத்தியான மேசையை வெட்டியது. அக்கா உள்ளே சண்டை பிடித்துத் தோற்றார். ஆணைக்குழுவுக்குள் எவ்வளவும் அடிபடலாம், முடிவு எடுத்த பிறகு வெளியே எல்லோருக்கும் ஒரே வாய் என்பது இந்த நாட்டு வழக்கம். அவர் அதை மீறவே மாட்டார். எங்கள் வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு, "நான் ஒண்டும் சொல்லேல்லை. ஆனால் வரவு செலவுத் திட்டம் எல்லா வீட்டுக்கும் தபாலிலை வரும். வாசிக்கத் தெரிஞ்சவை வாசிக்கலாம்" என்றார். நான் வாசித்தேன். வதனி அதை என் கையிலிருந்து பறித்து வாசித்தாள். ஆரணி மத்தியானத்தில் எங்கே போவாள் என்று கேட்டாள்.

சங்க மேடைகளில் முழங்கிப் பழகியவன் நான். கூட்டத்தில் எழுந்து மத்தியான மேசையைத் திரும்பச் சேர்க்கவேண்டும் என்று கேட்டேன். தமிழர்கள் திரண்டு வந்திருந்தார்கள், சுவிஸ் இளம் தாய்மாரும் வந்திருந்தார்கள். கை தூக்கச் சொன்னதும் மண்டபம் முழுக்கக் கைகள். வென்றுவிட்டோம் என்றுதான் முன்வரிசையில் இருந்த நான் நினைத்தேன். எண்ணி முடித்தார்கள். மயிரிழையில் தோற்றோம்.

என்ன நடந்தது என்று திரும்பிப் பார்த்தபோதுதான் விளங்கியது. வாக்குரிமை இல்லாதவர்களுக்காகச் சுவரோரம் தனியாக நாற்காலிகள் போட்டிருப்பார்கள், விருந்தாளி வரிசை. அங்கே உயரும் கைகளை எண்ணமாட்டார்கள். எங்கள் ஆட்களில் பாதிப்பேர், சிவப்புச் சுவிஸ் கடவுச்சீட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அந்த வரிசையில் போய் இருந்துவிட்டார்கள்! ஒருவர் மச்சாளுக்குத் துணையாக இருந்தார், மச்சாளுக்கு இன்னும் குடியுரிமை கிடைக்கவில்லை. இன்னொருவர் முன்னுக்குப் போக வெட்கப்பட்டார். பெரியவர் ஒருவர், "முந்தியும் இஞ்சைதானே இருந்தனாங்கள்" என்றார். வதனி தன் தங்கையோடு அங்கேதான் இருந்தாள். எங்கே போனாலும் ஓரமாக இருக்கும் பழக்கம் எங்களுக்கு. அகதி விண்ணப்பத்தோடு தொடங்கிய பழக்கம் கடவுச்சீட்டோடு போகவில்லை.

மேடையில் அக்கா கல்லாக இருந்தார். வெளியே வாகனத் தரிப்பிடத்தில் கல் வெடித்தது. "சிற்றிசன் எடுக்க என்ன பாடு பட்டனியள்! சோதினை எழுதி, சம்பளச் சீட்டுக் காட்டி, பக்கத்து வீட்டுக்காரனிட்டை நற்சாட்சி வாங்கி! எல்லாம் எடுத்துப்போட்டு விருந்தாளியாய் வந்து குந்தியிருக்கிறியளோ?" என்னைப் பார்த்து, "தம்பி நல்லாய்க் கதைச்சீர். கதைச்சால் காணுமோ, பின்னுக்கு ஆர் எங்கை இருக்கினம் எண்டு பாக்கிறேல்லையோ?" என்றார். கோபம் வந்தால் அக்கா ஆள் தராதரம் பார்ப்பதில்லை. அன்று பேச்சு வாங்காதவர் மழைக்கு ஒதுங்கி நின்ற தபால்காரர் மட்டும்தான்.

அடுத்த வருடம் ஆரணி பாடசாலைப் படிக்கட்டில் இருந்து பாண் சாப்பிட்டாள். குளிர்காலத்தில் சைக்கிள் கொட்டகைக்குள் போய்ச் சாப்பிட்டாள். தனியாக இல்லை, அவளைப் போல் பலர். வதனி மத்தியானம் கிழவர்களுக்குச் சூப் ஊற்றிக் கொடுக்கும்போது கடிகாரத்தைப் பார்க்கமாட்டாள்.

ஆணைக்குழுவுக்குத் தகவல் திரட்டவேண்டும் என்று அக்கா ஒரு ஞாயிறு கோயில் மண்டபத்தில், பூசை முடிந்து சாப்பாட்டுக்கு முன், எழுந்து நின்றார். மத்தியானம் யாருடைய பிள்ளை தனியாகச் சாப்பிடுகிறது என்று கேட்டார். ஒரு கையும் எழவில்லை. பிள்ளையைத் தனியே விட்டிருக்கிறோம் என்று நாலுபேர் முன்னால் சொல்ல எங்கள் ஆட்கள் செத்தாலும் சம்மதிக்கமாட்டார்கள். அக்கா மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். "எல்லாற்றை பிள்ளையளும் அம்மாவின்ரை கையாலைதான் சாப்பிடுகினம் போலை. நல்லது. அப்ப பக்டறியிலை வேலை செய்யிறது ஆர், பேயோ?" என்றார். சிரிப்பு எழுந்தது. "எனக்குச் சமைக்கவே தெரியாது. என்ரை பிள்ளையள் வளர்ந்ததே பாணிலையும் மாஜரீனிலையும்தான். நானே வெக்கப்படேல்லை, உங்களுக்கு என்ன?" அவர் ஒருமுறை வைத்த பருப்பைச் சாப்பிட்ட எவரும் இதை மறுக்கமாட்டீர்கள். அதற்குப் பிறகு கைகள் எழுந்தன. முதலில் எழுந்தது வதனியின் கை.

அந்த வருடமும் ஆணைக்குழு மேசையைச் சேர்க்கவில்லை. அக்கா இன்னும் ஒருமுறை உள்ளே தோற்று, இன்னும் ஒருமுறை வாயை மூடிக்கொண்டார். ஆனால் கூட்டத்துக்கு முன் தமிழ் வீடுகளுக்கெல்லாம் தொலைபேசி எடுத்தார். "எதுக்குக் கை தூக்க வேணும் எண்டு நான் சொல்லேலாது. எங்கை இருந்து தூக்க வேணும் எண்டு சொல்லலாம். நேரத்துக்கு வாங்கோ, நடுவிலை இருங்கோ."

வந்தார்கள்! நேரத்துக்கு மட்டுமல்ல, நேரத்துக்கு முன்பே வந்தார்கள். கலியாண வீட்டுக்கு வருவதுபோல் பட்டுச்சேலை, கோட்டு, நகை. தமிழர் கூட்டம் நேரத்தோடு வந்ததைக் கண்டு மண்டபத்துக் காவலாளி தன் கைக்கடிகாரத்தைச் சரிபார்த்தார். நடுவரிசைகளில் நிறைந்து இருந்தார்கள். வாக்கில்லாதவர்கள் சுவரோரம் நிமிர்ந்து இருந்து, உள்ளே வந்த சொந்தக்காரரை, "அங்கை போ, அங்கை போ" என்று விரட்டிக்கொண்டிருந்தார்கள்.

நான் பேச எழுந்தபோது வதனி என் கோட்டைப் பிடித்து இழுத்து இருத்திவிட்டு, தான் போய் ஒலிவாங்கியைப் பிடித்தாள். முதியோர் இல்லத்தில் பழகிய சுவிஸ் ஜெர்மன், இலக்கணம் முன்பின்னாக வரும். அவள் சொன்னது இவ்வளவுதான்: "உங்கள் அம்மாமாருக்கும் அப்பாமாருக்கும் மத்தியானச் சாப்பாடு நான் சமைக்கிறேன். சந்தோசமாகச் சமைக்கிறேன். அந்த நேரத்தில் என் மகள் சைக்கிள்களுக்கு நடுவில் இருந்து பாண் சாப்பிடுகிறாள். அவளுக்கு ஒரு மேசை தாருங்கள்." தன் தாய் அந்த முதியோர் இல்லத்தில் இருக்கும் வேறொரு விவசாயி, கூரை ஒழுகினால் பிறகு பார்க்கலாம் என்று தன் இடத்திலிருந்தே உரக்கச் சொன்னார்.

கைகள் எழுந்தன. எண்ணுபவர்கள் வரிசை வரிசையாக நடந்தார்கள். எங்கள் வரிசைகளையும் எண்ணினார்கள்! ஒருவர் விரல் நீட்டி என்னை எண்ணியபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. தலைவர் முடிவை வாசித்தார். போன முறை மயிரிழை. இம்முறை சந்தேகத்துக்கே இடமில்லை. மண்டபம் கைதட்டியது. தமிழ் ஆட்கள் எழுந்து நின்றே தட்டினார்கள். மேடையில் சறோ அக்கா மட்டும் தட்டவில்லை. தோற்ற ஆணைக்குழுவின் உறுப்பினர் அல்லவா, முறைப்படி முகத்தை இறுக்கமாக வைத்திருந்தார். கண்ணீர் மட்டும் ஆணைக்குழு முடிவுக்குக் கட்டுப்படாமல் ஓடிக்கொண்டிருந்தது.

கூட்டம் முடிந்ததும் இங்கே வைன், சீஸ் கொடுப்பது வழக்கம். எங்கள் பெண்கள் வென்றாலும் தோற்றாலும் இருக்கட்டும் என்று றோல்ஸ் பொரித்துக் கொண்டுவந்திருந்தார்கள். தலைவர் தட்டோடு அக்காவிடம் வந்து, "வாழ்க்கையில் இவ்வளவு சந்தோசமாக நான் தோற்றதில்லை" என்றார். அக்கா, "ருசியாய் இருக்கோ? பொரிச்சது நான் இல்லை, அதுதான்" என்று தமிழில் சொல்லிவிட்டு, அதையே ஜெர்மனிலும் சொன்னார். அன்று அவர் சிரித்த சிரிப்பு தரிப்பிடம் வரைக்கும் கேட்டது.

சில வருடங்களுக்குப் பிறகு அக்காவுக்குத் தீராத வருத்தம் வந்தது. வைத்தியத்துக்கு நடுவிலும் ஆணைக்குழுவுக்குப் போனார். இறுதிச் சடங்கில் தலைவர் கறுப்புக் கோட்டோடு வந்து, எங்கள் ஆட்களுக்கு நடுவில் நின்று, கைகூப்பத் தெரியாமல் கைகூப்பினார். ஆரணி இப்போது தொழில் பழகப் போகிறாள். சாப்பாட்டு மேசையில் தன் பக்கத்தில் இருந்தவர்கள்தான் இன்றைக்கும் தன் சிநேகிதர்கள் என்று அவள் அக்காவின் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, இரண்டு மொழியிலும் சொன்னாள்.

போன வாரம் வரவு செலவுக் கூட்டம் நடந்தது. அக்கா இல்லாத முதல் கூட்டம். தலைவர் மத்தியான மேசை வரியை வாசித்து, கேள்வி உண்டா என்றார். எவரும் வாய் திறக்கவில்லை. அடுத்த வரிக்குப் போய்விட்டார். அக்காவின் பெயரை ஒருவர்கூடச் சொல்லவில்லையே என்று எனக்கு ஒரு கணம் பற்றிக்கொண்டு வந்தது. பிறகு நெஞ்சு நிறைந்தது. தெருவிளக்கைப் பற்றி எவர் கேள்வி கேட்கிறார்? இனி எங்கள் ஊரில் பிள்ளைகளின் சாப்பாடும் அப்படித்தான். ஒருவர் செத்த பிறகு இதைவிடப் பெரிய வெற்றி என்ன இருக்கிறது?

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அவருடைய கூச்சமின்மை. அன்று கூட்டம் தொடங்குமுன், இந்த வருடம்தான் குடியுரிமை பெற்ற தமிழ்க் கணவனும் மனைவியும் கதவடியில் தயங்கி நின்றார்கள். கண்கள் சுவரோரம் போயின. நான் எழுந்து போனேன்.

"உங்கை இல்லை. இஞ்சாலை வாங்கோ."

"முன்னுக்கோ, அண்ணை? பரவாயில்லையோ?"

"ஓம். உங்கடை கையையும் எண்ணுவினம்."