ஸ்டிக்கர் ஒட்டப் போன இடம்

இன்று நானும் வீட்டுக்காரரும் நல்லூரில் குடும்ப ஆலோசனைக்குப் போனோம். மனிதர் என்னிடம் பேசி மூன்று மாதமாயிற்று.

பனியன் கம்பெனி செக்கிங்கில் கறை, ஓட்டை கண்ட இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டுவது என் வேலை. அங்கும் அவர் குறைகளை ஒவ்வொன்றாகச் சொல்லி ஸ்டிக்கர் ஒட்ட ஆரம்பித்தேன்.

ஆலோசகர் அம்மா தடுத்தார். "தீர்ப்புச் சொல்றதுக்கு நானில்லீங்க அக்கா. எதைச் சரிபண்றதுன்னு மூணு பேரும் சேந்து முடிவு பண்ணலாமுங்க. அண்ணா, நீங்க சொல்லுங்க."

அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "நான் வாயைத் தொறந்தாலே இவ நக்கலடிச்சு நாலு பேரைச் சிரிக்க வெச்சுருவாளுங்க. அதான் பேசறதையே உட்டுட்டனுங்க."

அதற்கும் ஒரு நக்கல் என் நுனிநாக்கில் நின்றது. விழுங்கிக்கொண்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில், "மழை வர்றாப்பல இருக்குது" என்றார்.

"ஆமாங்க" என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை.

என் நக்கலால் வாயை மூடிக்கொண்டவர்கள் இங்கே இன்னும் யார் யார்? கமெண்டில் சொல்லுங்கள், இந்த முறை சிரிக்காமல் படிக்கிறேன்.