குதிரை வருவதற்குள் மணி அடித்துவிட்டது

எங்கள் நரின் ஊரில் சுயுன்பெக் எழுந்து "சுருக்கமா ரெண்டு வார்த்தை" என்றாலே, விருந்துக்கு வந்தவர்கள் இன்னொரு கிண்ணம் தேநீர் ஊற்றிக்கொள்வார்கள். எல்லாக் கல்யாணத்திலும் வாழ்த்துரை அவர்தான். பகலில் ஊருக்கு வெந்நீர் அனுப்பும் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுவார். எட்டாம் வகுப்போடு ஆடு மேய்க்கப் போனவர். சான்றிதழ் இல்லாவிட்டால் வேலை கிடையாது என்று நாற்பத்தாறாவது வயதில் சொல்லிவிட்டார்கள். அப்படித்தான் மாலைப் பள்ளியில் என் பெஞ்சுக்கு வந்து சேர்ந்தார். வாய்த்தது எனக்கு!

முதல் பரீட்சையில் முதல் கேள்வி, "ஒரு குதிரையைச் சுருக்கமாக வர்ணிக்க." மனுஷன் ஆறு பக்கம் எழுதினார். ஏழாம் தலைமுறைப் பாட்டனிலிருந்து தொடங்கி, மணி அடித்தபோது குதிரையின் ஐந்தாவது மூதாதையிடம்தான் வந்திருந்தார். குதிரை வரவே இல்லை. மற்ற ஒன்பது கேள்விகளும் காலி.

"குதிரைக்கு எதுக்குண்ணே ஏழு தலைமுறை?" என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

"அப்பன் பாட்டன் பேரு சொல்லலேன்னா திருட்டுக் குதிரைன்னுல்ல நெனப்பாங்க!"

இரண்டாம் முறை ஏரி. அதிலும் கோட்டை விட்டார். மூன்றாவதும் போனால் கொதிகலன் வேலைக்கு வேட்டு.

அவர் வயதில் பாதிகூட இல்லாத மீரிம் டீச்சர் கெஞ்சினாள். "அஞ்சே வரிண்ணே."

"அஞ்சு வரியில நான் தொண்டையைக்கூடச் செரும மாட்டேனே, டீச்சரக்கா!"

"விருந்துல எப்பத்தான் சீக்கிரம் முடிப்பீங்க?"

"கறித்தட்டு வந்துட்டா. கொழுப்பு உறையறதுக்குள்ள முடிச்சாகணும்."

"அப்ப தட்டு வந்துட்டதா நெனச்சு எழுதுங்க."

மூன்றாம் பரீட்சை. "உங்களுக்குத் தெரிந்த ஒருவரைச் சுருக்கமாக வர்ணிக்க." ஏழு தலைமுறையும் வரிசைகட்டி வரப்போகிறது என்று நினைத்தேன். அவரோ ஒரு நிமிடம் ஜன்னலையே பார்த்தார். சரசரவென்று எழுதினார். பத்துக் கேள்வியையும் முடித்துவிட்டு, எனக்கு முன்பே எழுந்து போய்விட்டார். எனக்கு ஒரே எரிச்சல்.

அடுத்த வாரம் அவர் தேறிவிட்டார் என்று சொல்லி, மீரிம் டீச்சர் அந்த விடையை வகுப்பில் வாசித்தாள்:

"என் மனைவி பெயர் ஜிபார். நான் தோற்ற இரண்டு முறையும் பள்ளி வாசலில் காத்து நின்றாள். இப்போதும் நிற்கிறாள். வெளியே பனி கொட்டுகிறது. ஆகவே இவ்வளவு போதும்."